கடலில் ஒரு குடித்தனம்
பாய்மரப் படகைப் பேணும் முறையும் அதன் சொற்களும்

கோலக் கெடாவிலிருந்து லங்காவித் தீவுக்குப் பயணப் படகில் செல்வோர், குவா நகரின் துறையை நெருங்கும்போது நெடிய பாய்மரங்கள் தோப்புப் போல நிமிர்ந்து நிற்கக் காண்பர். அவை மீன்பிடி படகுகள் அல்ல. சரக்கேற்றும் தோணிகளும் அல்ல. பல நாட்டு மக்கள் குடும்பத்தோடு குடியிருக்கும் மிதக்கும் வீடுகள் அவை. முப்பது அல்லது நாற்பது அடி நீளமுள்ள ஒரு படகுக்குள் அடுக்களை, படுக்கை, நூலடுக்கு, எந்திர அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிவிடும். காற்று வாய்த்தால் பாய் விரித்துத் தாய்லாந்துக் கரைக்கும் அந்தமானுக்கும் இலங்கைக்கும் செல்வர். வாய்க்காத காலத்தில் துறையில் தங்கிப் படகைச் செப்பனிடுவர்.

நிலத்து வீட்டில் கூரை ஒழுகினால் தச்சரை அழைக்கலாம்; விளக்கு அணைந்தால் மின்பணியாளரை அழைக்கலாம். கரை தெரியாத கடலில் அழைப்பதற்கு எவரும் இல்லை. ஆகவே, படகில் வாழ்வோர் தச்சராகவும் கொல்லராகவும் தையற்காரராகவும் எந்திரம் பார்ப்பவராகவும் தாமே ஆக வேண்டியவர். தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி கத்தியைத் தீட்டாமல் மரத்தண்டை போவதில்லை. அதுபோலப் பேணாத கலத்தில் ஏறுவோன் கடலுக்குப் போகத் தக்கவன் அல்லன்.

கடாரமும் கலமும்

கெடா மண்ணுக்கும் தமிழர் கலத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. பட்டினப்பாலையில் வரும் ‘காழகம்’ என்னும் பெயருக்குக் ‘கடாரம்’ என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் வந்த செய்தியை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் பல அகழப்பட்டன. அருகிலுள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இந்நூற்றாண்டில் நடத்திய அகழ்வுகள், இரும்பு உருக்கிய இடங்களையும் பழைய துறையின் எச்சங்களையும் வெளிப்படுத்தின.

படையெடுத்த மன்னனின் பெயரைக் கல்வெட்டு காத்தது. ஆயின், அக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைத்த கைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வங்கக் கடலைக் கடந்த மரக்கலம் ஒவ்வொன்றிலும் நாள்தோறும் நீர் இறைத்தோரும், கயிறு முறுக்கியோரும், கிழிந்த பாயைத் தைத்தோரும் இருந்தே தீர வேண்டும். கட்டியவன் புகழ் நிற்பதுபோலப் பேணியவன் புகழ் நிற்பதில்லை. ஆனால் அவன் தொழில் சில சொற்களை விட்டுச் சென்றது. மலாய்மொழியின் ‘காப்பல்’ தமிழ்க் ‘கப்பல்’ என்பது அறிந்ததே. லங்காவித் துறையில் இன்று நிற்கும் இரட்டை உடற் படகுகளுக்கு மேலைநாட்டார் இட்டு வழங்கும் ‘கட்டமரான்’ என்ற பெயர் சோழமண்டலக் கரையின் ‘கட்டுமரம்’ அன்றி வேறில்லை. பெயர் சென்றது, பொருள் மாறிற்று. கட்டுமரம் சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகளால் ஆனது. கட்டமரானோ இடைவெளி விட்டு இணைத்த இரு படகுகள்.

கட்டுமரக்காரர் கைக்கொண்ட வழக்கம் ஒன்று பராமரிப்பின் முதற்பாடமாக அமைகிறது. கரை சேர்ந்ததும் அவர்கள் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனத்து மிதக்கும் திறனை இழக்கும். விரைவில் உளுத்தும் போகும். பயன்படுத்தியபின் கழற்று, உலர்த்து, பார், மீண்டும் கட்டு என்பதே அவர்கள் முறை. இன்றைய படகு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதுவே.

நீர் புகும் வழிகள்

படகுக்கு முதற்பகை வெளியே உள்ள நீர் அன்று. உள்ளே வரும் நீரே. மரக்கலத்தில் அது பலகைகளின் இடுக்கு வழியே வரும். அவ்விடுக்கில் பஞ்சுத்திரி அல்லது சணல்திரியை மழுங்கிய உளியால் அடித்துச் செருகி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையைப் பூசி அடைப்பது ‘கலப்பற்று’ எனப்படும். மலாயாக் காடுகளில் கிடைக்கும் ‘டாமார்’ என்னும் பிசின் குங்கிலிய இனத்ததே. இவ்வேலையில் திரியை மிகத் தளர்த்திச் செருகினால் நீர் கசியும். மிக இறுக்கினால் பலகை ஊறிப் பருக்கும்போது ஆணிகளையே பிடுங்கிவிடும்.

இந்தத் தொழில் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ சான்று. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கிப் புதுப்பெயர் இட்டார். யாழ்ப்பாணத்து மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையில் சேர்த்தனர். தமிழ்த் தச்சர் இணைத்த பலகைகள் அட்லாண்டிக் மாகடலைத் தாங்கின.

இன்றைய படகுகள் பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்டவை. அவற்றில் பலகை இடுக்கு இல்லை. ஆயினும் கவலை இல்லை என்று சொல்வதற்கில்லை. நீர் மெல்ல மெல்ல உட்புகுந்து பிசினில் கரையும் பொருள்களோடு சேர, மேற்பூச்சில் கொப்புளங்கள் தோன்றும். கொப்புளத்தைக் குடைந்து, நன்னீரால் கழுவி, வாரக்கணக்கில் உலர்த்திய பின்னரே எப்பாக்சிப் பசையால் நிரப்ப வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் கொப்புளம் திரும்பிவரும்.

கொப்புளத்தினும் கொடியது, படகின் அடியில் வேண்டுமென்றே இட்ட துளை. எந்திரத்தைக் குளிர்விக்கவும் கழிவறைக்கும் கடல்நீர் எடுக்கும் குழாய்கள் நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்துச் செல்கின்றன. அவற்றுள் ஒன்று அறுந்தால் என்ன ஆகும்? நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் நீர் உள்ளே பாயும். தோட்டத்து வழக்கில் சொன்னால், நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டு மண்ணெண்ணெய் டின். சிறு படகின் இறைபொறி இதற்கு ஈடு கொடுக்காது.

ஆதலால் நான்கு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. முதலாவது, குழாய்களின் அடைப்புத் திருகு வெண்கலத்தால் ஆனதாக இருக்க வேண்டும், பித்தளை ஆகாது. பித்தளையிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோக, எஞ்சும் செம்பு கடற்பஞ்சு போலாகி ஒருநாள் கையோடு பெயர்ந்துவரும். இரண்டாவது, திருகைத் திங்கள்தோறும் ஒருமுறையேனும் மூடித் திறக்க வேண்டும். இல்லையேல் வேண்டும்போது அசையாது. மூன்றாவது, குழாயைப் பிணிக்கும் எஃகு வளையங்களின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்; துரு அங்கேதான் தொடங்கும். நான்காவது, ஒவ்வொரு திருகின் அருகிலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். சில காசு பெறும் அக்கட்டை ஒரு படகையும் அதிலுள்ள உயிர்களையும் காக்கும்.

செம்பு கற்பித்த பாடம்

வெப்பக் கடலில் நிற்கும் படகின் அடியில் சில வாரங்களிலேயே பாசி படரும்; பின்னர்க் கொட்டலசு ஒட்டும். அடி சொரசொரப்பானால் வேகம் குறையும்; எரியெண்ணெய் மிகும்; புயலுக்கு முன் துறை சேர முடியாது போகவும் கூடும். மரக்கலத்துக்கு வேறோர் இடரும் உண்டு. கடற்புழு என்று வழங்கும் உயிர் பலகையை உள்ளிருந்து துளைத்துச் சல்லடை ஆக்கிவிடும். அது பெயரளவில்தான் புழு, இனத்தால் சிப்பி.

இதைத் தடுக்க ஆங்கிலக் கடற்படையார் 1761-இல் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தினர். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பியபின் ஆய்ந்தபோது, புழு அணுகாமை கண்டு மகிழ்ந்தனர். ஆயின் தகட்டைப் பிணித்த இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. அவ்விடங்களில், செப்புத் தகட்டைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் கழற்றப்படாமல் ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே தங்கிவிட்டிருந்தது.

காரணம் இதுவே: வெவ்வேறு இயல்புடைய இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டவாறு கடல்நீரில் கிடந்தால் அவை ஒரு மின்கலம் ஆகின்றன, அவற்றுள் வலுக்குறைந்தது கரைகிறது. செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு கரையும். தாள் இடையே நின்ற இடத்தில் தொடர்பு அறுந்தது, ஆணி பிழைத்தது.

இவ்வுண்மையை 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் திருப்பிப் பயன்படுத்தினார். செம்பினும் எளிதில் கரையும் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டு ஒன்றைச் செம்போடு சேர்த்துப் பொருத்தினால், துண்டு கரைந்து செம்பைக் காக்கும் என்றார். அவ்வாறே காத்தது. ஆனால் எதிர்பாராத விளைவு ஒன்று நேர்ந்தது. கரையாத செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் தாராளமாகப் படர்ந்தன! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாவதனாலேயே உயிர்கள் ஒட்டாதிருந்தன என்பது அப்போது விளங்கிற்று.

இரண்டு பாடங்களும் இன்றைய படகில் அருகருகே இருக்கின்றன. அடிக்குப் பூசும் வண்ணத்தில் செப்பு ஆக்சைடு கலந்துள்ளது. அது கரைந்து பாசியைத் தடுக்கிறது. உந்துதண்டின்மேல் துத்தநாகக் கட்டி பொருத்தப்பட்டுள்ளது. அது தான் கரைந்து உந்தியைக் காக்கிறது. கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் வண்ணம் பூசலாகாது; பூசினால் கரையாது, கரையாவிடில் காக்காது. அழகுக்காகக் கட்டிக்கும் வண்ணம் பூசி உந்தியை இழந்தவர்கள் உண்டு.

வண்ணத்திலும் ஓர் எல்லை உண்டு. வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு ஒருகாலத்தில் மிகச் சிறந்ததாகப் போற்றப்பட்டது. பிரான்சு நாட்டு ஆர்க்கசோன் குடாவில் சிப்பிகள் உருக்குலைந்து, வளர்ப்புத் தொழில் நலிந்தபோது, அதன் கொடுமை தெரிந்தது. அந்நாடு 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. பின்னர் 2001-இல் உருவான அனைத்துலக ஒப்பந்தம் 2008-இல் நடைமுறைக்கு வந்து உலகெங்கும் அதை விலக்கிற்று. இன்றும் பழைய பூச்சைச் சுரண்டுவோர் நீர் தெளித்தே தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் காக்கும் முகமூடி இன்றியமையாதது. சுரண்டிய தூள் மண்ணிலும் நீரிலும் சேராதவாறு அடியில் துணி விரித்துத் திரட்டுதல் வேண்டும்.

பாயும் கயிறும்

பாய்க்குப் பகை காற்று என்று எண்ணுவர். உண்மையில் வெயிலே பெரும்பகை. துணி கிழிவதற்கு நெடுநாள் முன்பே தைத்த நூல் இற்றுவிடும். நகத்தால் நூலைக் கீறிப் பார்த்தால் தெரியும். எளிதில் அறுந்தால் அந்த வரிசை முழுவதையும் மீண்டும் தைக்க வேண்டும். உள்ளங்கையில் தோற்பட்டை கட்டி, முக்கோண முனை ஊசியால் தைக்கும் பழைய முறை இன்றும் கைவிடப்படவில்லை. துறையில் நிற்கும்போது பாய்க்கு உறை இடுவது புதுப்பாய் வாங்குவதினும் மலிவு.

பாய்மரத்தை நிறுத்தும் எஃகுக் கம்பிவடங்களை ஆண்டுதோறும் ஆராய வேண்டும். அவை துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றவை. ஆயினும் காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தங்கினால் அங்கே அரிப்புத் தொடங்கும். வடத்தின் ஓர் இழை அறுந்து தூண்டில்முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் வடத்தையே மாற்ற வேண்டும் என்பது பொருள். பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லா வடங்களையும் மாற்றுவது பொதுவான வழக்கம்.

எந்திரமும் மின்னும்

டீசல் எந்திரம் தூய எண்ணெயும் தூய காற்றும் குளிர்நீரும் கிடைத்தால் நெடுங்காலம் உழைக்கும். கடல்நீரை இழுக்கும் ரப்பர்ச் சுழலியின் இதழ் ஒன்று முறிந்தாலும் நீரோட்டம் தடைப்பட்டு எந்திரம் கொதித்துவிடும். எந்திரத்தை இயக்கியவுடன் படகின் பின்புறம் எட்டிப்பார்த்து, புகைக்குழாயில் நீர் வெளிவருகிறதா என்று காண்பது படகோட்டியின் நீங்கா வழக்கம். டீசல் தொட்டியின் அடியில் நீர் தங்கினால், எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் பெருகிச் சேறாகி வடிகட்டியை அடைக்கும். கடல் கொந்தளிக்கும் வேளையில்தான் அச்சேறு கலங்கி எழும். எந்திரம் மிகத் தேவைப்படும் நேரத்தில் அது நிற்பதற்குக் காரணம் இதுவே.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, முதலில் கணக்கு, பிறகு கம்பி. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்க. குளிர்ப்பெட்டி 5 ஆம்பியர் இழுத்து நாளில் பாதிநேரம் ஓடினால் 60 ஆம்பியர்-மணி. விளக்கும் விசிறியும் 20. இறைபொறியும் திசைக்கருவிகளும் 10. ஆக மொத்தம் 90. மின்னழுத்தம் 12 வோல்ட் எனில் ஒருநாள் செலவு 1,080 வாட்-மணி. முகிலையும் கணக்கிட்டு, முழுவெயிலுக்குச் சமமாக நாளில் நான்கு மணிநேரம் கிடைக்கும் என்று வைத்தால், 300 வாட் சூரியத்தகடு 1,200 வாட்-மணி தரும்; அதில் கால்பங்கு இழப்பாகக் கழிய, எஞ்சுவது 900. செலவுக்குப் போதாது. 400 வாட் தகடு 1,200 தரும், அது போதும். வெயிலில்லாத இரு நாளுக்குச் சேமிக்க வேண்டுமானால் 180 ஆம்பியர்-மணி தேவை. ஈய மின்கலத்தில் பாதிக்குமேல் எடுப்பது அதன் ஆயுளைக் குறைக்குமாதலால் 360 அளவுள்ளது வேண்டும். லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்டு வகையில் ஐந்தில் நான்கு பங்கு எடுக்கலாமாதலால் 225 போதும்.

கம்பி ஒவ்வொன்றுக்கும் மின்கலத்தை ஒட்டியே உருகி பொருத்த வேண்டும். உருகி கருவியைக் காப்பதற்கன்று, கம்பி தீப்பற்றாமல் காப்பதற்கே என்பதை மறக்கலாகாது. சமையல் எரிவாயுவில் இன்னும் கவனம் வேண்டும். அது காற்றினும் கனமானது. கசிந்தால் நிலத்து வீட்டில் வாயில் வழியே வெளியேறும். படகிலோ வெளியேற வழியின்றி அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். உருளையைக் கடல்பக்கம் வடியும் துளையுள்ள தனிப்பெட்டியில் வைப்பதும், சமைத்து முடித்ததும் உருளையின் வாயை மூடுவதும் கட்டாயம்.

காலம் அறிதல்

லங்காவியில் சனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். வண்ணம் பூசவும் பசை உலரவும் ஏற்றவை அவை. ரெபாக் தீவு போன்ற இடங்களில் படகைத் தூக்கிக் கரையில் நிறுத்தி அடியைப் பார்க்க வசதி உண்டு.

எல்லாப் பேணலுக்கும் அப்பாற்பட்ட இடரும் உண்டு. 2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை லங்காவியின் படகுத்துறைகளைச் சிதைத்தது. கோத்தா கோல மூடாவின் மீனவர் சிற்றூர்களில் உயிர்களையும் கொண்டுபோயிற்று. அன்று அலை ஒதுக்கிய படகுகள் அங்கே நினைவுச்சின்னமாக அடுக்கப்பட்டுள்ளன. எனினும், ஓர் எஃகு வளையத்தின் துருவே ஒரு படகை அழித்துவிடவும் கூடும்.

தானே செய்யத் தக்கவை எவை?

எல்லாவற்றையும் தானே செய்வது அறிவன்று. வண்ணம், வடிகட்டி, தையல், குழாய், சூரியத்தகடு ஆகியவை பழகினால் எவர்க்கும் வரும். கரைமின் இணைப்பு, எரிவாயுக் குழாய், பாய்மரத்தை இறக்கி ஏற்றுதல் ஆகியவற்றைத் தேர்ந்தவரிடம் விடுவதே தக்கது. பிழை பிறர் உயிரைக் குடிக்குமாயின் கற்றவரைக் கூப்பிடுக என்பதே அளவுகோல்.

தானே செய்தவரின் தலைமகன் யோசுவா சுலோகம் எனலாம். 1892-இல் அவருக்கு ‘சுப்ரே’ என்னும் உளுத்த படகு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. 13 மாதம் உழைத்து ஒவ்வொரு பலகையாக மாற்றினார். செலவு 553 டாலர் 62 காசு. 1895-இல் தனியே புறப்பட்டு 1898-இல் உலகைச் சுற்றித் திரும்பினார். அவ்வாறு செய்த முதல் மனிதர் அவரே. கடல் நடுவே எது உடைந்தாலும் அதைப் பூட்டிய கை தம் கையே என்பது அவருக்குத் துணிவு தந்தது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

தமிழில் கலத்தின் உறுப்புகளுக்குப் பெயர் இல்லை என்று மயங்குவோர் உளர். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அடிமரம் ஏரா, விலாச்சட்டம் வங்கு. பாய் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயை அடக்கும் கயிறு தாமான். இடுக்கு அடைக்கும் தொழில் கலப்பற்று. இவை சொல்லாக்கக் குழுக்கள் அமர்ந்து படைத்தவை அல்ல. உப்புக் காற்றில் உழைத்தோர் நாவில் விளைந்தவை. சுக்கான் போன்ற சில அரபு நாட்டு மாலுமிகளோடு பழகியதால் வந்தன, அவையும் தமிழாகிவிட்டன.

தொழில் நின்றால் சொல் அகராதியில் மட்டும் உயிர்வாழும். மெர்போக் ஆற்றின் கரையிலோ குவாத் துறையிலோ மாணவரை நிறுத்தி, கண்ணெதிரே நிற்கும் படகைக் காட்டி, ‘அணியம் எது? அமரம் எது?’ என்று கேட்கும் ஆசிரியர், அச்சொல்லை மீண்டும் தண்ணீரில் மிதக்க விடுகிறார். சொல்லும் கலம் போன்றதே. ஆக்குவது ஒருமுறை, பேணுவது நாள்தோறும்.